வீடு இங்கே, வாக்கு எங்கே?

அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் 1969-ம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் மோரிஸ் கிராமர் என்று ஒருவர் வருகிறார். வயது 31. கல்லூரிப் படிப்பு முடித்தவர், பங்குச்சந்தைத் தரகர். கல்யாணம் ஆகவில்லை. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் பெற்றோர் வீட்டிலேயே குடியிருந்தார். 1959 முதல் நாட்டுத் தேர்தல், மாநிலத் தேர்தல் இரண்டிலும் வாக்களித்து வந்தவர். 1965-ல் உள்ளூர் பள்ளி மாவட்டத் தேர்தலுக்குப் பெயர் பதியப் போனார். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். காரணம்? அவர் பெயரில் வீடும் இல்லை, வாடகை ஒப்பந்தமும் இல்லை, பள்ளிக்கு அனுப்பப் பிள்ளையும் இல்லை!

அமெரிக்காவில் 'பள்ளி மாவட்டம்' என்பது கலெக்டர் இருக்கும் மாவட்டம் போன்றதல்ல. பள்ளிகளை நடத்துவதற்கென்றே எல்லை வகுத்த தனி அமைப்பு. அதற்கென்று ஒரு வாரியம், ஒரு பட்ஜெட் உண்டு. அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, நிலம் மீதான சொத்து வரிதான் அதன் முக்கியமான வருமானம். பட்ஜெட் வேண்டுமா வேண்டாமா என்று பல இடங்களில் மக்களிடமே வாக்கெடுப்பு நடக்கும். அதனால் யாருக்கு வாக்கு என்பதும் யார் பணம் கட்டுகிறார்கள் என்பதும் அங்கே எப்போதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

வரி கட்டுகிறவனுக்குத்தான் பேச உரிமை என்ற எண்ணம் பழையது. வெள்ளையின ஆண்களைப் பொறுத்தவரை, பொதுத் தேர்தலில் சொத்து இருந்தால்தான் வாக்கு என்ற விதி 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் பள்ளி வரி, கடன் பத்திரம் போன்ற பண விவகாரங்களில் அது ஒட்டிக்கொண்டே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், சில பெண்களுக்கு வாக்குரிமையின் கதவு முதலில் திறந்ததும் இந்த வழியாகத்தான். கென்டக்கி மாநிலம் 1838-ல், பள்ளி வரிக்கு உட்பட்ட சொத்து வைத்திருந்த விதவைகளும் மணமாகாத பெண்களும் தங்கள் பள்ளி மாவட்ட வாக்கெடுப்பில் கலந்துகொள்ளலாம் என்று சட்டம் போட்டது. நேரில் வர வேண்டும் என்றுகூட இல்லை. எழுத்து மூலம் வேறொருவரை அனுப்பலாம். பெண் என்பதற்காக வந்த வாக்கல்ல இது, சொத்து இருக்கிறது என்பதற்காக வந்த வாக்கு. சொத்துக்கு வாக்கு என்றால் சொத்துக்காரர் நேரில் நிற்க வேண்டிய அவசியம் என்ன?

லூயிசியானா இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனது. 1898-ல் அங்கே வந்த புதிய அரசியல் சட்டம், வரி கட்டும் பெண்கள் வரி சம்பந்தமான வாக்கெடுப்புகளில் நேரிலோ முகவர் மூலமாகவோ வாக்களிக்கலாம் என்றது. அடுத்த வருடமே, 1899 ஜூனில், நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் சாக்கடை, வடிகால் வேலைகளுக்காக ஒரு வரி வாக்கெடுப்பு வந்தது. கேட் கார்டன், ஜீன் கார்டன் என்ற சகோதரிகளும் அவர்களுடைய தோழிகளும் ஊருக்குள் அலைந்து, வாக்குச்சாவடிக்கு வரத் தயங்கிய பெண்களிடம் முகவர் சீட்டு வாங்கிச் சேர்த்தார்கள். வரி நிறைவேறியது. நகரத்துக்கு நல்ல வடிகால் வந்தது.

ஆனால் இதே அரசியல் சட்டத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் 300 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் 1867-க்கு முன் அப்பாவோ தாத்தாவோ வாக்காளராக இருந்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. கறுப்பின மக்களைத் துரத்துவதற்காகவே போட்ட விதி. 1896-ல் 1,30,000-க்கும் மேல் இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை 1900-ல் 5,320 ஆகிவிட்டது. சொத்துள்ள பெண்ணுக்குக் கதவைத் திறந்ததும் சொத்தில்லாத கறுப்பருக்குக் கதவை மூடியதும் ஒரே ஆவணம்.

இந்தப் பின்னணியில்தான் கிராமர் வழக்கைப் படிக்க வேண்டும். நியூயார்க் சட்டப்படி பள்ளி மாவட்டத்தில் குடியிருந்தால் மட்டும் போதாது. வரிக்குரிய சொத்தைச் சொந்தமாகவோ குத்தகைக்கோ வைத்திருக்க வேண்டும், அல்லது அவருடைய கணவன்/மனைவியாக இருக்க வேண்டும், அல்லது பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருக்க வேண்டும். யாரெல்லாம் வெளியே நிற்கிறார்கள் பாருங்கள். மகன் வீட்டில் தங்கியிருக்கும் தாத்தா பாட்டி, வரிவிலக்குள்ள கட்டிடத்தில் வசிக்கும் பாதிரியார், ராணுவக் குடியிருப்பில் இருப்பவர், இன்னொருவர் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்...

1969 ஜூன் 16-ல் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள் கிராமர் பக்கம், மூன்று பேர் எதிர்ப்பக்கம். தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதினார். பள்ளி விஷயத்தில் அக்கறை உள்ளவர்களுக்கு மட்டும் வாக்கு என்று வைத்துக்கொண்டாலும், இந்தச் சட்டம் அந்த வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்பது அவர் வாதம். வரி கட்டி, பள்ளி மீது அக்கறையும் வைத்திருக்கும் கிராமருக்கு வாக்கு இல்லை. வரியே கட்டாத, பள்ளி எங்கே இருக்கிறது என்று கவலைப்படாத ஓர் இளைஞன் ஓர் அபார்ட்மென்ட்டை வாடகைக்கு எடுத்துவிட்டால் அவனுக்கு வாக்கு உண்டு. இது என்ன கணக்கு?

எதிர்த்து எழுதிய நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட்டின் கேள்வியும் லேசானதல்ல. ஊரில் குடியிருப்பவருக்கே அக்கறை அதிகம் என்று அரசு நினைத்துக் கோடு போடலாம் என்றால், சொத்தும் பிள்ளையும் உள்ளவருக்கு அக்கறை அதிகம் என்று நினைத்து ஏன் கோடு போடக்கூடாது? இரண்டுமே ஓர் ஊகம்தானே? பெரும்பான்மைத் தீர்ப்பு இதற்கு முழுமையான பதில் சொல்லிவிட்டது என்று சொல்ல முடியாது.

அதே நாளில் லூயிசியானாவின் ஹூமா நகர வழக்கிலும் தீர்ப்பு வந்தது. நகரத்தின் மின்சாரம், தண்ணீர், கேஸ் அமைப்புகளுக்கான கடன் பத்திர வாக்கெடுப்பு. சொத்து வரி கட்டுபவர்களுக்கு மட்டுமே வாக்கு. வாக்காளர்களில் சுமார் 40 சதவீதம் பேர்தான் அந்தக் கணக்கில் வருவார்கள். இதில் கவனிக்க வேண்டியது, தலைகளை எண்ணினால் மட்டும் போதாது, சொத்து மதிப்பிலும் பெரும்பான்மை வர வேண்டும் என்பது! அந்த விதி அன்றோடு போயிற்று. அடுத்த ஆண்டு பீனிக்ஸ் நகர வழக்கில், சொத்து வரியிலிருந்தே அடைக்கப்படும் கடனுக்கும் இதே முடிவு. வீட்டுக்காரர் கட்டும் வரி வாடகையில் ஏறிவிடுகிறது, கடைக்காரர் கட்டும் வரி பொருள் விலையில் ஏறிவிடுகிறது, ஆகவே வாடகைக்கு இருப்பவரும் கட்டுபவர்தான் என்றது நீதிமன்றம்.

சரி, கிராமருக்கு நேர் எதிராக ஒருவரை வைத்துப் பார்ப்போம். வேறு ஊரில் குடியிருக்கிறார். இங்கே ஏரிக்கரையில் ஒரு விடுமுறை வீடு. வருடத்தில் சில வாரம்தான் வருவார். பள்ளி வரி மட்டும் முழுசாகக் கட்டுகிறார். வரியை உயர்த்தலாமா என்று ஊர் கூடி முடிவு செய்யும்போது இவரை யாரும் கேட்பதில்லை. இவருடைய குறையை வெறும் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அதே நேரம், நல்ல பள்ளி இருந்தால் வீட்டு விலை ஏறும், அந்த லாபமும் இவருக்கே என்பதை இவர் பேசுவதில்லை.

கட்டணம் கட்டுவதாலோ கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருப்பதாலோ மட்டும் வாக்குரிமை வந்துவிடாது என்பது 1978-ல் முடிவானது. அலபாமாவின் டஸ்கலூசா நகர எல்லைக்கு வெளியே ஹோல்ட் என்ற பகுதி. நகரத்தின் போலீஸ் அதிகாரமும் உரிமக் கட்டணமும் அங்கேயும் செல்லும். நகரத் தேர்தலில் வாக்கு மட்டும் இல்லை. குடியிருப்பை எல்லையாக வைப்பது சரியே என்று உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் ஒரு மாநிலமோ நகரமோ தானாக விரும்பி வெளியூர் உரிமையாளருக்கு வாக்குக் கொடுத்தால் தடையில்லை. கனெக்டிகட்டில் 1,000 டாலர் மதிப்பீட்டுக்குக் குறையாத சொத்துக்கு வரி கட்டும் குடிமகன், அந்த ஊரில் குடியிருக்காவிட்டாலும் ஊர்க் கூட்டத்தில் வாக்களிக்கலாம். பள்ளிச் செலவு ஊர் பட்ஜெட்டுக்குள்ளேயே இருப்பதால் அந்த வாக்கு பள்ளியையும் தொடும். கொலராடோவில் மவுண்டன் வில்லேஜ் என்ற பனிச்சறுக்கு ஊர் வெளியூர் நில உரிமையாளர்களுக்கு வாக்குக் கொடுத்ததை 1997-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

கொடுத்த இடத்தில் என்ன நடந்தது? டென்னசியின் சட்டனூகாவில், மிகச் சொற்ப மதிப்புள்ள ஒரு துண்டு நிலத்தில் பலர் பேரைச் சேர்த்து அத்தனை பேரும் வாக்காளர்களாகும் நிலை இருந்தது. 1989-ல் நீதிமன்றம் அதை நிறுத்தியது. டெலவேர் மாநிலத்தின் நுவர்க் நகரில் 2018-ல் நடந்த வாக்கெடுப்பில், பல நிறுவனங்கள் பேரில் இருந்த சொத்துக்களுக்காக ஒரே ஆள் 31 வாக்குகள் போட்டார்! அன்று அது சட்டப்படி சரியாகவே இருந்தது. அதன் பிறகுதான் விதியை மாற்றினார்கள். வாக்கை ஆளிடமிருந்து எடுத்து மண்ணோடு கட்டினால் எண்ணிக்கையும் மண்ணைப் போலவே துண்டு துண்டாகப் பெருகுகிறது. ஹூமாவில் மதிப்பை எண்ணியதும் இதுவும் வேறு வேறு அல்ல.

அதே டெலவேரின் கடற்கரை ஊர்கள் சிலவற்றில் வெளியூர் வீட்டுக்காரர்களுக்கு நகரத் தேர்தலில் வாக்கு இருக்கிறது. பள்ளி வரி வாக்கெடுப்புக்கு அது செல்லாது. அந்தப் பள்ளி மாவட்டத்துக்குள் குடியிருப்பவருக்கு மட்டுமே வாக்கு. கடற்கரை வீட்டுக்காரருக்கு வருடா வருடம் பள்ளி வரி ரசீது மட்டும் தவறாமல் போய்ச் சேர்கிறது.