ஆனைமலைத் தேக்கும் கடல் கடந்த கப்பலும்



கடலே கண்ணுக்கெட்டாத ஆனைமலையில் வாழும் நமக்கும் பாய்மரக் கப்பலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு உண்டு. சேத்துமடை வழியாக டாப்சிலிப் செல்வோர் அத்தொடர்பு பிறந்த மண்ணிலேயே கால் பதிக்கின்றனர். வெட்டிய மரங்களை மலைமேலிருந்து சரித்துவிட்ட இடம் என்பதாலேயே அதற்கு அப்பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நம் மலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்காக வெட்டப்பட்டது. 1840களின் பிற்பகுதியில் மைக்கேல் என்னும் இராணுவ அதிகாரி இப்பணிக்கென நியமிக்கப்பட்டார். ஆயினும் மலைவாழ் மக்களின் உழைப்பும் யானைகளின் வலிமையும் இல்லையெனில் ஒரு மரமும் மலையிறங்கியிராது.

தேக்கின் மீது ஏன் இத்துணை நாட்டம்? இம்மரத்தில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. எனவே இது எளிதில் உளுப்பதில்லை. கரையானும் எளிதில் அண்டுவதில்லை. ஆங்கிலேயர் பெரிதும் நம்பியிருந்த ஓக் மரத்தின் புளிப்புச் சத்து, அதில் அறைந்த இரும்பு ஆணிகளை அரித்துவிடும். தேக்கிலோ ஆணி நெடுங்காலம் கெடாது நிற்கும்.

இதற்குச் சான்றாக ஒரு கப்பல் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. ஈழத்துத் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய ‘டிரிங்கோமலி’ என்னும் அப்போர்க்கப்பல், பம்பாயில் ஜம்ஷெட்ஜி போமன்ஜி வாடியா என்னும் பார்சி தலைமைத் தச்சரின் பொறுப்பில் கட்டப்பட்டு, 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கப்பட்டது. ஆனைமலையில் பம்பாய்க்காக மரம் வெட்டத் தொடங்கியதற்கு முந்தைய காலம் அது. அதன் உடல் மலபார்த் தேக்கு. அதாவது நமது மேற்குத் தொடர்ச்சி மலையின் தேக்கு.

1819இல் இங்கிலாந்து சேர்ந்த அக்கப்பல், போர் ஓய்ந்த காலமாதலால் ஏறத்தாழ கால் நூற்றாண்டு கட்டிப் போடப்பட்டுக் கிடந்தது. பின்னர் கடலோடியது, பயிற்சிக் கப்பலாயிற்று, 1897இல் உடைப்பதற்காக விற்கப்பட்டது. அவ்வேளையில் வீட்லி காப் என்னும் செல்வந்தர் அதனை வாங்கிப் பழுதுபார்த்து, சிறுவர்களுக்குக் கடற்பயிற்சி அளிக்கும் கப்பலாக்கினார். 1986 வரை அப்பணி நடந்தது. 1987இல் ஹார்ட்டில்பூல் நகருக்குக் கொண்டுவரப்பட்டு, பல்லாண்டுப் பணிக்குப் பின் 2001இல் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது. அதே நகரில்தான் ‘வாரியர்’ என்னும் மற்றொரு பழைய கப்பலும் 1979 முதல் 1987 வரை சீர்செய்யப்பட்டிருந்தது. ஒரு கப்பலைச் செப்பனிட்டு வளர்ந்த திறன், அவ்வூரிலேயே அடுத்த கப்பலுக்கும் உதவியது.

பழைய மரக்கலத்தைப் பேணுதல் எளிய செயலன்று. தச்சர் முதலில் சுத்தியலால் பலகையைத் தட்டி ஒலியைக் கேட்பார். கணீரென்றால் மரம் நலமாக உள்ளது. மந்தமாக ஒலித்தால் உள்ளே மக்கியிருக்கிறது. மரக்கலத்தை மக்கச் செய்வது பெரும்பாலும் கடல்நீரன்று. மேல்தளத்தின் வெடிப்புகளில் கசிந்து தேங்கும் மழைநீரே! கெட்ட பலகையை மட்டும் நீக்கி, அதே அளவில் புதியதைப் பொருத்த வேண்டும். பின்னர் பலகைகளின் இடுக்குகளில் நாரையோ பஞ்சையோ திணித்துக் கீல் பூசி அடைக்க வேண்டும். நம் கடலோரத் தோணிக்காரர்கள் இதனைக் கலப்பற்று என்பர். இவ்வேலைக்கு முடிவென்பது கிடையாது. ஒரு முனையில் முடிக்கும்போது மறுமுனையில் வேலை காத்திருக்கும். ஆயினும் இவ்வாறு பேணியதால்தான் பம்பாய்த் தச்சர் பொருத்திய மரங்களில் பெரும்பகுதி இருநூறு ஆண்டுகள் கடந்தும் டிரிங்கோமலியில் நிலைத்துள்ளது.

கப்பலைச் செப்பனிட்டனர், காட்டைச் செப்பனிட்டது யார்? கப்பலுக்கும், பின்னர் இரயில் பாதைக் கட்டைகளுக்கும் வெட்டி வெட்டி நம் மலை மொட்டையாகிக்கொண்டிருந்தது. 1910களின் நடுவில் இங்கு வந்த ஹியூகோ வுட் என்னும் வன அதிகாரி, மரத்தை வேரோடு பெயர்க்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டும் முறையைக் கொண்டுவந்தார். அடிக்கட்டை மீண்டும் துளிர்த்தது. வெற்றிடங்களில் தேக்கு விதைக்கப்பட்டது. அவர் தம் கைத்தடியால் மண்ணில் குழியிட்டு விதையிட்டுச் செல்வார் என்று இப்பகுதி மக்கள் கூறுவர். 1933இல் மறைந்த அவரது கல்லறை, டாப்சிலிப்பில் தேக்கு மரங்களின் நிழலிலேயே அமைந்துள்ளது. அக்காடு இன்று ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகும்.

நன்கு முதிர்ந்த தேக்குக்கு அறுபது, எண்பது ஆண்டுகள் வேண்டும். நட்டவர் அதனை வெட்டிப் பயன்கொள்வதில்லை. வுட் தம் காட்டின் முதிர்ச்சியைக் காணவில்லை. வாடியாவும் தம் கப்பல் இருநூறு ஆண்டு மிதப்பதைக் காணவில்லை. மரத்தைச் சுமந்த மலைவாழ் மக்களின் பெயர்களோ எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. முன்னோர் விட்டுச்சென்ற எதுவும் தானாக நிலைப்பதில்லை. கூரையில் ஒழுகும் ஒரு துளியை இன்றே அடைப்பவர் இருக்கும் வரைதான் கட்டடமும் நிற்கும், கப்பலும் மிதக்கும். வெட்டிய இடத்தில் ஒரு கன்றை நடுபவர் இருக்கும் வரைதான் மலையும் பசுமையாக இருக்கும். நம் பிள்ளைகளை டாப்சிலிப்புக்கு அழைத்துச் செல்லும்போது யானைகளைக் காட்டுவதோடு நிறுத்திவிடாமல், இந்த வரலாற்றையும் எடுத்துக் கூறுவோமாக!