கல்லில் எழுதிய வரி மறுப்பு

அதிகாரத்தை மீறியவர்களைச் சுட்டத் தமிழ்க் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் சொல் துரோகி. இராசத்துரோகி, சிவத்துரோகி, கிராமத்துரோகி எனக் குற்றத்துக்கேற்ப அது முன்னொட்டு பெற்றது. உடையார்குடிக் கல்வெட்டு இதற்குப் பேர்போன சான்று. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை தொடர்பாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என அது குறிக்கிறது. சோழ மன்னன் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில் அவர்களுடைய உடைமைகளோடு உறவினரின் உடைமைகளும் பறிக்கப்பட்டன. ஒரு சொல் ஒருவன் மேல் விழுந்தால் குடும்பமே நிலமிழக்கும்.

இவையெல்லாம் ஆள்வோர் சூட்டிய பெயர்கள். பணிய மறுத்தவர்களின் சொந்தக் குரல் கல்லில் கிடைப்பது அரிது. அதனாலேயே 1429ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சிலவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விசயநகர இளவரசன் குமார கம்பணனின் படையெடுப்புக்குப் பின் தமிழகம் விசயநகர ஆட்சிக்குள் வந்தது. விசயநகர மன்னன் இரண்டாம் தேவராயன் காலத்தில் வரிச்சுமை தாங்க முடியாததாயிற்று. அரசு அதிகாரிகளோடு, பணிக்கு ஈடாக நில வருவாய் பெற்ற சீவிதக்காரரும், காணி எனும் நில உரிமையுடைய பிராமணரும் வேளாளரும் சேர்ந்துகொண்டு குடிகளை நெருக்கினர். அந்நாளில் குடிகளின் கடைசி ஆயுதம் ஊரைக் காலி செய்வதே. உழுபவனும் நெய்பவனும் போய்விட்டால் வரி வாங்க ஆளிருக்காது.

1429ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஒன்றான கொறுக்கைக் கல்வெட்டு அந்த நிலையிலிருந்தே பேசுகிறது. விளைச்சலைப் பார்க்காமல் அநியாயமாக வரி விதித்ததால் ஓடிப்போக இருந்ததாகக் குடிகள் சொல்கிறார்கள். மண்டலம் முழுவதும் ஒன்றாக நில்லாததால்தான் இந்தக் கொடுமை நேர்ந்தது என்று பிறகு உணர்கிறார்கள். இனி விளைச்சலுக்கேற்ற நியாயமான வரியை மட்டுமே செலுத்துவோம், முறையற்ற எதையும் தரமாட்டோம் என்று முடிவெடுக்கிறார்கள். ஓட நினைத்தவர்கள் நின்று நிபந்தனை விதித்த இந்தத் திருப்பம்தான் அந்த ஆவணத்தின் உயிர். மன்னனை அவர்கள் மறுக்கவில்லை; வரியையும் அடியோடு மறுக்கவில்லை. எவ்வளவு நியாயம் என்பதைத் தாங்களே வரையறுத்தார்கள். அன்றைய ஆட்சிக்கு இதைவிடப் பெரிய மீறல் வேண்டியதில்லை.

முடிவெடுத்தவர்கள், வலங்கை, இடங்கை என்ற இரு பெரும் சாதிப் பிரிவுகளைச் சேர்ந்த வலங்கை 98 சாதியினரும் இடங்கை 98 சாதியினரும். 98 என்பது மரபு எண், தலைக்கணக்கல்ல. பிற்காலத்தில், 1652இலும் 1707இலும், சென்னைப்பட்டணத்தில் இந்த இரு பிரிவினரும் தெரு உரிமைக்காகவும் விருதுகளுக்காகவும் கடுமையாக மோதிக்கொண்டவர்கள். 1429இல் அவர்கள் ஒரே வாசகத்தின்கீழ் நின்றனர்.

ஆடுதுறை, கீழப்பழுவூர், எலவானாசூர் போன்ற இடங்களிலும் இதே காலத்துப் பதிவுகள் உள்ளன. வரலாற்றாய்வாளர்கள் நொபொரு கராசிமாவும் எ. சுப்பராயலுவும் இவற்றை ஒருசேர ஆராய்ந்து, தனித்தனி ஊர்ப் பூசல்களாக அல்லாமல் ஒரே எழுச்சியின் தடங்களாகக் கண்டனர். ஒடுக்குவோருக்கு ஒத்துழைக்கக் கூடாது, அவர்களுக்காகக் கணக்கு எழுதக் கூடாது என்ற கட்டுப்பாடும் இவற்றில் காணப்படுகிறது. கணக்கெழுதும் கை நின்றால் வரி வசூலும் நின்றுவிடும் என்பது குடிகளுக்குத் தெரிந்திருந்தது. எழுச்சியை ஒட்டிய ஆண்டுகளில் சில பகுதிகளில் வரி விகிதங்கள் குறைக்கப்பட்டன.