துபாஷி

சென்னை சூளையில் அவதானம் பாப்பையர் சாலை என்று ஒன்று உண்டு. பெயர் நீளம் என்பதால் பேச்சு வழக்கில் அது ஏ.பி. ரோடு. பெயரைப் பார்த்தால் யாரோ கோயில் கட்டிய புண்ணியவான் போலிருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் 1792இல் சென்னையில் சதி வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் இவர். அன்றைக்கு ஊரே அறிந்த மனிதர். தொழில், துபாஷி.

‘துவி’ என்றால் இரண்டு, ‘பாஷி’ என்றால் பேசுகிறவர். வடமொழியில் துவிபாஷி, இந்துஸ்தானியில் துபாஷியா, நம் கரையில் துபாசி அல்லது துபாஷி. ஆங்கிலேயர் கடைசி இகரத்தைக் கழற்றிவிட்டு ‘துபாஷ்’ என்று எழுதிக்கொண்டார்கள். அவர்களுக்கு முன்பே வந்த போர்த்துக்கீசியர் இதே வேலையைச் செய்தவரை ‘லிங்குவா’ என்றார்கள். அவர்கள் மொழியில் நாக்கு என்று பொருள். துருக்கித் துறைமுகங்களில் இருந்தவர் ‘தர்ஜுமான்’. ஐரோப்பியர் வாயில் அது ‘டிராகோமன்’ ஆயிற்று. தமிழ் முஸ்லிம்கள் மொழிபெயர்ப்பைத் தர்ஜுமா என்கிறார்களே, அதே அரபு வேர்தான். கப்பல் வந்து நின்ற இடமெல்லாம் இந்த ஆளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது.

துபாஷிக்கு ஓர் ஏழைத் தம்பியும் உண்டு என்பார்கள்: தொப்பாசி. போர்த்துக்கீசியம் பேசிய கலப்பினக் கிறித்தவச் சிப்பாய்களுக்கு வழங்கிய பெயர் அது. தொப்பி போட்டவர் என்பதால் வந்தது என்று ஒரு சாரார் சொல்ல, துபாஷியின் திரிபே என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். எனக்குத் தொப்பிக் கட்சியின் மேல்தான் சாய்வு. தங்களிடமிருந்து வேறுபட்டவரை ஊரார் முதலில் அடையாளம் கண்டது தலையைப் பார்த்துத்தான் இருக்கும். எந்தக் கட்சி வென்றாலும் சொல்லின் கதி ஒன்றுதான். பின்னாளில் கப்பல்களில் கழிப்பறை கழுவும் தொழிலாளியின் பெயராக ‘தோப்பாஸ்’ இறங்கிப் போயிற்று.

சென்னையில் துபாஷி இத்தனை பெரிய ஆளானதற்குக் கடலே முதல் காரணம். கோட்டை எழுந்த 1640 தொடங்கி இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இங்கே துறைமுகம் என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. கப்பல் எட்ட நங்கூரம் போடும். கரையோர அலை ஐரோப்பியப் படகுகளை உடைத்துப் போடும் என்பதால், ஆணி இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த மசூலா படகில்தான் ஆட்களை இறக்க வேண்டும். அலை அடிக்கும்போது அந்தத் தையல் வளைந்து கொடுக்கும். உப்புநீரில் நனைந்து, குமட்டலோடு மணலில் வந்து விழும் பதினாறு பதினேழு வயதுப் பையனுக்குக் கும்பினியில் ‘ரைட்டர்’ உத்தியோகம். தங்க இடம் தெரியாது, காசு மாற்றத் தெரியாது, தண்ணீர் கேட்கவும் வாய் வராது. அந்த நேரத்தில் வெள்ளைத் தலைப்பாகையும் கையில் பழைய எசமானர்கள் எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதங்களுமாக ஒருவர் வந்து ஆங்கிலத்தில் வணக்கம் சொல்கிறார். கரையில் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படகேறிக் கப்பலுக்கே போய்விட்டவர்களும் உண்டு. போட்டி அப்படி.

அன்று மாலைக்குள் பையனுக்கு வீடு, பல்லக்கு, சமையற்காரன், வண்ணான் எல்லாம் அமைந்துவிடும். ஊரைச் சுற்றிக் காட்டுவதும் துபாஷிதான். எந்தத் தெருவில் பவழம் விற்கும், எந்த நெசவாளருக்கு முன்பணம் கொடுக்கலாம், நவாபின் ஆட்களில் யாரிடம் எப்படிக் கும்பிடு போட வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் பையனுக்குத் தெரியும். அவர் சொல்லாமல் விட்டது அவனைப் பொறுத்தவரை ஊரிலேயே இல்லாதது.

இத்தனைக்கும் பணம்? ரைட்டரின் சம்பளம் ஆண்டுக்கு ஐந்து பவுன். அதை வைத்துக்கொண்டு பல்லக்கு ஏற முடியாது. மீதியைத் துபாஷி கடனாகக் கொடுத்தார். கும்பினி ஊழியர்கள் சொந்த வணிகம் செய்துகொள்ளலாம் என்ற சலுகை இருந்த காலம் அது. பெயர் பையனுடையது, முதல் துபாஷியுடையது. வெள்ளைக்காரர் பெயரில் போகும் சரக்கைச் சுங்கச்சாவடியில் யார் அதட்டுவார்கள்? பையன் பதவியில் ஏற ஏற, துபாஷியும் கூடவே ஏறினார். எனவே மொழியை விற்றுப் பிழைத்தவர் என்று துபாஷியைச் சொன்னால் சொல்லின் பொருள் சரி, தொழிலின் பொருள் தவறு. மொழி வாசற்கதவு மட்டுமே. உள்ளே நடந்தது வட்டிக் கணக்கு.

எசமானர் பெயரையே முன்னொட்டாகச் சுமந்தவர்களும் இருந்தார்கள். பௌனி என்ற வெள்ளைக்காரரின் துபாஷி, ஊராருக்கும் பௌனி நாராயண பிள்ளை. அவருடைய ஆதரவில் வளர்ந்த ஏழைப் பையன்தான் பச்சையப்ப முதலியார். 1794இல் நாற்பது வயதில் இறந்த அவர் விட்டுப்போன அறக்கட்டளைச் சொத்து நீதிமன்றத்தில் பல்லாண்டு இழுபட்டு, 1842இல் பள்ளிக்கூடமாகி, பிறகு கல்லூரியாயிற்று. ஆளுநர் பிகட்டின் துபாஷி மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரோ, கோட்டைக்கு எதிரே வெளி வேண்டுமென்று கும்பினி இடித்த கோயிலை வேறிடத்தில் கட்ட முன்னின்றார். இராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயரையும் ஆதரித்தார். 1800ஐ ஒட்டி எழுந்த ‘சர்வதேவ விலாசம்’ என்ற வடமொழி நூலில் இரண்டு பண்டிதர்கள் சென்னையைச் சுற்றி வருகிறார்கள். கோயில், தோட்டம், கச்சேரி என்று அவர்கள் பார்ப்பதெல்லாம் துபாஷிகளும் அவர்களைப் போன்ற செல்வர்களும் வாழ்ந்த உலகம். புரவலர் தேடி வந்த உள்ளூர்ப் புலவர்களுக்கும் அவர்கள் வாசல்தான் கதி என்று ஆகியிருக்கிறது.

புதுச்சேரியில் கதை கொஞ்சம் வேறு. பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பதவியைத் தரகர் என்ற பொருள்படும் தங்கள் சொல்லால்தான் குறித்தார்கள். ஒளிவுமறைவு இல்லாத பெயர் என்று எனக்குப் படுகிறது. கனகராய முதலியாருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பால் இன்றும் பேசப்படுகிறார். எத்தனை பீரங்கி மரியாதை, யாருக்கு என்ன வெகுமதி, எந்தக் கப்பலில் என்ன சேதி என்று எண்ணி எண்ணி எழுதியவர். ஆளுநர் துய்ப்ளே அவரை நம்பினார். ஆளுநரின் மனைவி ழானோ புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் தெரிந்தவர். பிள்ளையைத் தாண்டி அவரே ஊராரிடம் பேசி, ஆள் வைத்து, காரியங்களை முடித்தார். நாட்குறிப்பில் அந்த அம்மாளைப் பற்றி வரும் இடங்களில் கசப்பு வழிகிறது. பிள்ளையின் பிடிப்பு, எசமானரின் தமிழறியாமையில்தானே இருந்தது! அந்த வீட்டுக்குள்ளேயே தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தது அவருக்குப் பெரிய இடைஞ்சல்.

பெரிய மார்க்கெட் பக்கத்தில் அவருடைய மாளிகை இன்றும் நிற்கிறது. கீழே செதுக்கிய மரத்தூண்கள், மேலே பிரெஞ்சுப் பாணியில் சுதைத் தூண்கள்.

பாப்பையரிடம் வருவோம். ஹாலண்ட் சகோதரர்கள் சென்னையை ஆண்ட 1789, 1790 ஆண்டுகளில் அவர்களுடைய துபாஷி இவர். டேவிட் ஹாலிபர்ட்டன் என்ற அதிகாரியைப் பொய்க் குற்றச்சாட்டில் கவிழ்க்கச் சதி செய்தார் என்று வழக்கு; தீர்ப்பும் அப்படியே வந்தது. விசாரணை முழுவதும் லண்டனில் புத்தகமாக வெளியாயிற்று. 1827இல் வால்டர் ஸ்காட் தன் ‘சர்ஜன்ஸ் டாட்டர்’ கதையில் சூழ்ச்சிக்கார துபாஷி ஒருவரைப் படைத்து, பெயரையும் மாற்றாமல் பாப்பையா என்றே வைத்தார். ஹாலண்ட் சகோதரர்களை அந்த அளவுக்கு யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. கொள்ளையில் பெரும்பங்கு கப்பலேறிப் போய்விட, கெட்ட பெயர் மட்டும் கரையில் தங்கிவிட்டது.

அதற்குள் தொழிலின் அடித்தளமே ஆடத் தொடங்கியிருந்தது. ஊழியர் சொந்த வணிகம் செய்வது தடைப்பட்டு, சம்பளம் கூடியது. 1812இல் கோட்டையைச் சார்ந்து கல்லூரி ஒன்று தொடங்கி, புதிதாய் வந்த பையன்களுக்குத் தமிழும் தெலுங்கும் சொல்லிக் கொடுத்தார்கள். நீதிமன்றத்தில் சம்பள மொழிபெயர்ப்பாளர்கள் உட்கார்ந்தார்கள். கடன் தேவைப்படாத பையனுக்குத் துபாஷி எதற்கு? சொல் மட்டும் வேறு கரையில் பிழைத்துக்கொண்டது. பம்பாயில் கப்பலுக்குச் சாமான் சேர்த்துக் கொடுப்பவரைத் துபாஷ் என்றார்கள். அது பார்சிக் குடும்பப் பெயராகி, காலாகோடாவில் ஒரு சாலைக்கும் பெயராக நிற்கிறது.

வேலை எங்கும் போய்விடவில்லை. புதுச்சேரிக் கடற்கரையில் இறங்கும் பயணிக்கு இன்றும் ஒருவர் வேண்டியிருக்கிறது. அவரைக் கைடு என்கிறோம். தெருப் பெயரை பிரெஞ்சிலும் தமிழிலும் சொல்லி, வீட்டுத் திண்ணையின் கதை சொல்லி, நல்ல மீன் குழம்பு எங்கே என்று காட்டிக் கொடுக்கும் அருமையான கைடுகள் இருக்கிறார்கள். கடைக்காரரிடம் தன் பங்கைப் பேசி வைத்துவிட்டு நம்மை அங்கே இறக்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பங்கைக் கும்பினிக் காலத்தில் தஸ்தூரி என்றார்கள். பாரசீகத்தில் தஸ்தூர் என்றால் வழக்கம். இப்போது அது கமிஷன். ஆனால் துபாஷி தன் எசமானரைப் பத்து இருபது ஆண்டுகள் கையில் வைத்திருந்தார். கைடின் எசமானர் ஞாயிறு இரவு பஸ்ஸில் ஊர் திரும்பிவிடுகிறார். இரண்டு நாள் பழக்கத்தில் யாருக்கும் கடன் கொடுக்க முடியாது. கமிஷன் பணத்தில் கல்லூரியும் கட்ட முடியாது.