பாடு உரிமையும் சர மதிப்பீடும்: பழவேற்காட்டு விதியொன்றைக் கணினிக்குச் சொல்லுதல்

பழவேற்காடு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய பட்டினவர் குப்பங்கள் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். முறை யாருக்கு உண்டு என்பதை ஊரே தீர்மானிக்கிறது. பட்டினவர், மணமான ஆண், தலைக்கட்டில் (ஊர் கணக்கில் எடுக்கும் குடும்ப அலகில்) சேர்ந்தவர் என்பது மரபான நிபந்தனை. ஜார்ஜ் பூல் 1854இல் வகுத்த இயற்கணிதத்தில் இது ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

இந்தப் பட்டியலைக் கணினியில் வைப்பதாகக் கொள்வோம். நிபந்தனையை நிரலுக்குள் புதைத்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் நிரலரைத் தேடிப் போக வேண்டும். ஊர்க்கூட்டமே வாசித்துத் திருத்தும்படி அதை உரைச்சரமாக வெளியே வைப்பதுதான் நல்லது. பெண்களை ஒதுக்கும் நிபந்தனையையும் கணினி முணுமுணுக்காமல் கணக்கிடும். கண்ணுக்குத் தெரிகிற சரமாக இருந்தால்தான் அதை எதிர்த்துப் பேச இடமுண்டு. ஆனால் அந்தச் சரத்தை மெய், பொய் என்று தீர்ப்பாக்கும் வேலையை நிரல்மொழியின் பொது 'இவால்' (eval) சார்பிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதே என் வாதம்.

ஜான் மெக்கார்த்தி தம் லிஸ்ப் மொழிக்காகத் தாளில் எழுதிய இவாலை ஐபிஎம் 704 கணினியில் இயங்கவைத்தவர் ஸ்டீவ் ரஸ்ஸல். அது வாங்கிக்கொண்டது ஏற்கெனவே பகுத்து அடுக்கிய பட்டியலை. பைத்தானின் இவாலோ பச்சைச் சரத்தையே வாங்கி, அதிலுள்ள எந்தக் கோவையையும் இயக்கிவிடும். விதி இருக்க வேண்டிய இடத்தில் கோப்பை அழிக்கும் கட்டளை இருந்தாலும் சரிதான். உள்ளமை சார்புகளை மறைத்துவிட்டால் போதும் என்பார்கள். போதாது. ஒரு வெற்று வரிசையைப் பிடித்து அதன் வகுப்பு, மூல வகுப்பு என்று ஏறினால் மறைத்தவை பலவற்றை மீட்டுவிடலாம். இவாலை விட்டுப் பைத்தானின் பூல் (bool) சார்பைப் பிடித்தாலும் பயனில்லை: அதற்கு வெற்றாக இல்லாத எந்தச் சரமும் மெய்தான். வரி கட்டினாரா என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தாலும் விடை மெய்.

முன்னுரிமைச் சிக்கலும் உண்டு. உதாரணத்துக்கு இப்படியொரு விதி:

மணமானவர் அல்லது குடும்பத்தலைவர் மற்றும் வரிகட்டியவர்

பெரும்பாலான நிரல்மொழிகளில் 'மற்றும்' முதலில் பிணையும். ஆகவே வரியே கட்டாத மணமானவரும் தேறிவிடுவார். கூட்டத்தில் இதைச் சொல்பவர் 'குடும்பத்தலைவர்' என்ற இடத்தில் குரலை நிறுத்துவார். அந்த நிறுத்தம் எழுத்தில் காணாமல் போகிறது. இவாலுக்குப் பதிலாக இவ்விதிகளுக்கென நாமே ஓர் இலக்கணம் வகுத்தால், 'மற்றும்', 'அல்லது' இரண்டும் கலந்து வரும்போது அடைப்புக்குறி கட்டாயம் என்று அதிலேயே விதித்துவிடலாம்.

அந்த இலக்கணம் மிகச் சிறியது. உறுப்பினர் பதிவேட்டுப் புலப்பெயர்கள், மற்றும், அல்லது, அல்ல, அடைப்புக்குறிகள்: இவ்வளவே. வேறெது வந்தாலும் பகுப்பான் பிழை சொல்லி நிறுத்தும். தமிழ்ச் சொற்களால் இதெல்லாம் ஆகுமா என்ற ஐயம் பழையது; முத்து அண்ணாமலையின் எழில் நிரல்மொழி 'ஆனால்', 'இல்லை', 'முடி' என்றே நிபந்தனைகளை எழுதவைத்து அதைத் தீர்த்துவிட்டது.

கடினமானது நிரப்பப்படாத புலம். தகப்பன் வீட்டிலிருந்து புதிதாகப் பிரிந்தவரின் தலைக்கட்டு இன்னும் முடிவாகவில்லை என்றால் பைத்தான் அந்த வெறுமையைப் பொய்யாகவே எடுத்துக்கொள்ளும். அவர் சத்தமின்றிப் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார். தருக்கவியலாளர் கிளீனியின் மும்மதிப்புத் தருக்கம் இங்கே பொருந்துகிறது: 'மற்றும்' வழியே பொய்யோடு 'தெரியாது' சேர்ந்தால் பொய், மெய்யோடு சேர்ந்தால் 'தெரியாது'. 'தெரியாது' என்று விடை வரும் பெயர்களை நிரல் தனியே அச்சிட்டுத் தர வேண்டும். அவற்றைத் தீர்ப்பது ஊர்ப் பஞ்சாயத்தின் வேலை.