பதினேழு பேர்

வகுப்பில் அடிக்கடி சொன்ன ஒரு வரலாறு இது.

1934-35இல் இலங்கையில் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. 1946 முதல் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் உட்சுவர்களில் டி.டி.டி. அடித்தார்கள். இரத்தம் குடித்த கொசு சுவரில் உட்காரும். மருந்து பட்டுச் செத்துவிடும். 1963இல் நாடு முழுவதும் நோயாளிகள் 17 பேர்தான்!

இனிப் பயமில்லை என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். 1969இல் 5 லட்சம் பேருக்கு மேல் காய்ச்சலில் படுத்தார்கள். அதற்குள் டி.டி.டி.க்கும் கொசு பழகிவிட்டதால், மாலத்தியானுக்கு மாற வேண்டியதாயிற்று. மலேரியா இல்லாத நாடு என்ற சான்று 2016இல்தான் கிடைத்தது.

மருந்தடிக்க வருபவரை, "எங்கள் வீட்டில் கொசுவே இல்லையே" என்று திருப்பி அனுப்பாதீர்கள். இல்லாததற்குக் காரணமே அவர்தான்.