ராமதாஸ், எல். (1933–2024)

இந்தியக் கடற்படையின் 13ஆம் தலைமைத் தளபதி. முழுப்பெயர் லட்சுமிநாராயணன் ராமதாஸ். 1933 செப்டம்பர் 5 அன்று பம்பாயின் மாதுங்காவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தில்லியில் படித்தார், 1949இல் டேராடூனில் முப்படைப் பயிற்சியில் சேர்ந்து, 1953இல் கடற்படை அதிகாரியானார். தகவல்தொடர்பு அவருடைய பிரிவு. பிற்காலத்தில் போர்க்கப்பலை நடத்தியவர் என்பதைவிட, பாகிஸ்தானோடு சமாதானம் வேண்டும் என்று பேசியவராகவே அவர் பெயர் அடிபட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் பிடிபடுவார்.

மாமனாரும் கடற்படைக்காரர். 1911இல் செங்கல்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி, டஃபரின் பயிற்சிக் கப்பலில் முதல் அணி மாணவர். இரண்டாம் உலகப்போர் மூண்டதும் ரிசர்வ் படையில் சேர்ந்து, 1958இல் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியரானார். அவருடைய மகள் லலிதாவை ராமதாஸ் மணந்தார். மாமனார் உட்கார்ந்த நாற்காலியில் 1990இல் மருமகன் உட்கார்ந்தார்.

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் கமாண்டர் ராமதாஸ் பியாஸ் கப்பலின் தலைவர். டீசல் இயந்திரத்தில் ஓடும், 4.5 அங்குல பீரங்கிகள் கொண்ட சிறு போர்க்கப்பல் அது. விமானந்தாங்கியான விக்ராந்துக்குத் துணையாகப் போகும் வேலை. விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்று விரிசல் விட்டிருந்ததால், வேகம் மணிக்கு ஏறக்குறைய 16 கடல்மைலைத் தாண்டாது. அப்படியொரு கப்பலைத் தேடித்தான் பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி வங்கக் கடலுக்கு வந்தது.

இந்த இடத்தில் சென்னைத் துறைமுகம் கதைக்குள் வருகிறது. நவம்பரில் சென்னையிலிருந்து கிளம்பிய விக்ராந்த் அந்தமானில் ஒதுங்கிவிட்டது. அதற்குப் பிறகு, நாகர்கோவிலில் பிறந்தவரான கிழக்குப் பிராந்தியத் தளபதி என். கிருஷ்ணன், சென்னையிலிருந்த கடற்படைப் பொறுப்பதிகாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, விக்ராந்த் வருகிறது, கரையோரமாகக் கட்ட இடம் வேண்டும், உணவுப்பொருள் வேண்டும் என்றார். கேட்டவருக்குத் தளபதியின் புத்தி பேதலித்துவிட்டதோ என்று தோன்றியதாம். வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் குடியிருக்கும் துறைமுகத் தொழிலாளர் காதில் விழுந்தால் ஊர் முழுக்கப் பரவிவிடும். காஜியைத் திசைதிருப்ப வதந்தி பரவ வேண்டும் என்பதுதான் திட்டமே. டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஜி மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரு நாட்டுக் கணக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

பிறகு கிழக்கு வங்கக் கரையை அடைத்து, கப்பல்கள் உள்ளே வராமலும் வெளியே தப்பாமலும் மறித்த படையில் பியாஸ் இருந்தது. காக்ஸ் பஜார் மீது குண்டும் வீசியது. ராமதாஸுக்கு வீர் சக்ரா கிடைத்தது.

மேற்கு ஜெர்மனியின் பான் நகரிலிருந்த இந்தியத் தூதரகத்தில் கடற்படைப் பிரதிநிதி, கிழக்குக் கப்பற்படை, தெற்கு மற்றும் கிழக்குப் பிராந்தியங்கள் என்று படியேறி, 1990 நவம்பர் முதல் 1993 செப்டம்பர் வரை தலைமைத் தளபதியாக இருந்தார். மருத்துவப் பிரிவைத் தாண்டிப் பெண்கள் அதிகாரிகளாகச் சேர 1992இல் வழி திறந்தது அவர் காலத்தில்தான். தொடக்கத்தில் கல்வி, சட்டம், தளவாடம் போன்ற கரைப் பணிகள் மட்டுமே. மூன்று பெண்களுக்குத் தகப்பன் செய்த காரியம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் கப்பலேறும் பணிக்குப் பெண் அதிகாரிகள் பின்னும் பல ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

மூத்த மகள் கவிதா மணந்தது பாகிஸ்தானியர் ஒருவரை. பாகிஸ்தானோடு போரிட்டு வீர் சக்ரா வாங்கியவருக்கு அந்த நாட்டு மாப்பிள்ளை. ஓய்வுக்குப் பின் அலிபாக் அருகே ஒரு கிராமத்தில் லலிதாவோடு குடியேறி விவசாயம் பார்த்தார். இந்திய-பாகிஸ்தான் மக்கள் மன்றத்தில் தீவிரமாக இயங்கினார். 1998 அணுகுண்டுச் சோதனைகளைப் படைத்தலைவராக இருந்தவரே எதிர்த்தது பலருக்கு உறுத்தியது. கூடங்குளம் அணு உலை எதிர்ப்பாளர்களுக்கும் ஆதரவாக நின்றார். 2004இல் பாகிஸ்தானின் மனித உரிமை ஆர்வலர் இப்ன் அப்துர் ரஹ்மானோடு மகசேசே விருதைப் பகிர்ந்துகொண்டார். ஆம் ஆத்மி கட்சியின் உள் லோக்பாலாக, அதாவது கட்சிக்குள் புகார்களை விசாரிப்பவராக இருந்து, 2015 மார்ச்சில் கட்சிப் பூசலுக்கிடையே விலக்கப்பட்டார்.

2024 மார்ச் 15 அன்று ஐதராபாத்தில் 90ஆம் வயதில் காலமானார்.