பறக்காத பென்குயினும் பழைய வாள்மீனும்

ஒரு அட்டைப்பெட்டி. அதன் மேல், கடலலைகளைத் தொட்டுவிடுவது போலத் தாழப் பறக்கும் பழைய விமானம் ஒன்றின் படம். பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்னத் துண்டுகள், ஒரு விளக்கத்தாள், தண்ணீரில் நனைத்து ஒட்டும் வட்டச் சின்னங்கள். அவ்வளவுதான்! இதில் என்ன பெரிய வரலாறு இருந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால், இருபதாம் நூற்றாண்டின் பாதி இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

பென்குயின் பிறந்த கதை

பிரிட்டனில் 1930களின் தொடக்கத்தில் 'ஃபிராக்' என்ற பெயரில் பொம்மை விமானங்கள் விற்பனைக்கு வந்தன. ரப்பர் பட்டையை முறுக்கி விட்டால் தரையிலிருந்தே எழும்பிப் பறக்கும். 1936ஆம் ஆண்டு கடைசியில் அதே நிறுவனம் பறக்காத விமானங்களையும் கொண்டு வந்தது. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம், பறக்கவிட முடியாது. பறக்காத பறவைக்கு என்ன பெயர் வைப்பது? பென்குயின்!

முதலில் வந்த மூன்று பென்குயின்கள் கிளாஸ்டர் கிளாடியேட்டர், ஹாக்கர் ஃப்யூரி, பிளாக்பர்ன் ஷார்க். மூன்றுமே இரட்டை இறக்கை விமானங்கள். அன்றைய பிரிட்டிஷ் விமானப்படையும் கடற்படையும் இன்னும் இரட்டை இறக்கை விமானங்களில்தான் பறந்துகொண்டிருந்தன. ஆக, உலகின் முதல் பிளாஸ்டிக் மாடல் கிட்கள் 'பழைய' விமானங்கள் அல்ல, அன்றைய நாளின் விமானங்கள்!

இவற்றின் அளவு 1/72. அதாவது நிஜத்தில் ஆறு அடி என்றால் மாடலில் ஒரு அங்குலம். ஆறடி உயரமுள்ள மனிதன் கட்டைவிரல் நுனி அளவு ஆகிவிடுவான். போர் வந்ததும் இந்த அளவுக்கு வேறு வேலையும் வந்தது. வானில் வருவது நம் விமானமா, எதிரி விமானமா என்று வீரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மாடல்கள் தேவைப்பட்டன. 1942இல் அமெரிக்கக் கடற்படைக்காகப் பள்ளி மாணவர்களே இந்த அளவில் மரத்தில் மாடல்கள் செதுக்கிக் கொடுத்தார்கள்.

அகதி தொடங்கிய நிறுவனம்

1939இல் நிக்கோலஸ் கோவ் என்ற ஹங்கேரிய அகதி பிரிட்டனில் 'ஏர்ஃபிக்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் செய்தது காற்றடைத்த ரப்பர் பொம்மைகள். பிறகு சீப்பு! 1952இல்தான் உல்வொர்த் கடைகளுக்காக 'கோல்டன் ஹைண்ட்' என்ற பாய்மரக் கப்பலின் கிட்டை பிளாஸ்டிக் பையில் போட்டு இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. பள்ளிச் சிறுவர்களின் கைச்செலவுக் காசுக்குள் அடங்கும் விலை. அதன்பின் விமானங்கள் வரிசையாக வந்தன.

ஃபிராக்கின் முடிவு வேறு மாதிரி. 1970களில் அந்த நிறுவனம் மூடப்பட்டபோது அதன் அச்சுகள் சோவியத் யூனியனுக்குப் போயின. ஆனால் ஜெர்மனி, ஜப்பான் முதலிய எதிரி நாட்டு விமானங்களின் அச்சுகளைச் சோவியத் தரப்பு வேண்டாம் என்றது. அவை ரெவெல் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தன. போர் முடிந்து முப்பது ஆண்டு கழித்தும் பொம்மை அச்சில் போர் முடியவில்லை பாருங்கள்!

வாள்மீன்

1958இல் ஏர்ஃபிக்ஸ் வெளியிட்ட கிட்களில் ஒன்று ஃபேரி ஸ்வோர்ட்ஃபிஷ். தமிழில் வாள்மீன். நிஜ விமானம் 1936இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. உலோகச் சட்டத்தின் மேல் துணி போர்த்தி, மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகள், நடுவே கம்பிகள். மூன்று பேர் திறந்த வெளியில் காற்று வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். வேகம் மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர்தான். எதை வேண்டுமானாலும் தூக்கும் என்பதால் வீரர்கள் இதற்கு 'ஸ்டிரிங்பேக்' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். பின்னல் பை என்று பொருள்.

1940 நவம்பர் 11 இரவு, 21 ஸ்வோர்ட்ஃபிஷ்கள் இத்தாலியின் டாரன்டோ துறைமுகத்தைத் தாக்கி மூன்று போர்க்கப்பல்களைச் செயலிழக்கச் செய்தன. 1941 மே 26 மாலை, ஒரு ஸ்வோர்ட்ஃபிஷ் எறிந்த டார்பிடோ ஜெர்மனியின் பிஸ்மார்க் கப்பலின் சுக்கானை முடக்கியது. மறுநாள் பிஸ்மார்க் மூழ்கியது. இதற்கு மாற்றாக வந்த ஆல்பகோர் விமானமே முதலில் ஓய்வு பெற்றுவிட, கிழட்டு வாள்மீன் 1945 வரை பறந்தது!

ஒட்டுவதும் பூசுவதும்

மாடலில் இந்த விமானத்தின் இறக்கை நீளம் சுமார் 19 சென்டிமீட்டர். சாதாரண விமான மாடலை ஒட்டி முடித்துவிட்டுப் பூசலாம். இரட்டை இறக்கையில் அந்தப் பாச்சா பலிக்காது. மேல் இறக்கையை ஒட்டிவிட்டால் நடுவே தூரிகை நுழையாது. எனவே உடல், கீழ் இறக்கை, மேல் இறக்கை, தாங்குகால்கள் எல்லாவற்றையும் தனித்தனியே பூசிக் காயவைத்து, பிறகுதான் ஒட்ட வேண்டும். ஒட்டும் இடத்தில் வண்ணத்தைச் சுரண்டிவிட வேண்டும். மாடல் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்குகிறது. நடுவில் வண்ணம் இருந்தால் பிடிக்காது.

பழைய கிட் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். அச்சு தேய்ந்து, துண்டுகளின் ஓரத்தில் மெல்லிய பிசிறுகள் இருக்கும். கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஒட்டுச் சின்னங்களின் தாள் மஞ்சளாகிப் போயிருக்கும். அதை ஜன்னல் கண்ணாடியில் சில நாள் வெயில் படும்படி ஒட்டி வைத்தால் மஞ்சள் வெளுத்துவிடும்.

இறக்கைகளுக்கு இடையே உள்ள கம்பிகளுக்கு ஒரு பழைய உத்தி உண்டு. மீதமான பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே காட்டி, இளகியதும் மெல்ல இழுத்தால் தலைமுடி போல நீளும். அதை அளந்து வெட்டி ஒட்டினால் கம்பி தயார்.

வண்ணத்தில்தான் சுவாரஸ்யம். போர்க்காலக் கடற்படை விமானங்களின் மேல்புறம் கரும்சாம்பலும் பச்சை கலந்த சாம்பலும் பூசப்பட்டன. ஆனால் இரட்டை இறக்கை விமானங்களில் கீழ் இறக்கையின் மேல்புறத்துக்கு அதே வண்ணங்களின் வெளிர் வகைகள்! ஏன்? மேல் இறக்கையின் நிழல் கீழ் இறக்கையில் விழும். அதனால் அது கூடுதல் இருட்டாகத் தெரியும். அந்த இருட்டை ஈடுகட்டத்தான் வெளிர் நிறம். ஒரே நிறத்தில் பூசி முடிப்பவர் ஒரு மாடலைச் செய்கிறார். காரணம் தெரிந்து இரண்டு நிறத்தில் பூசுபவர் அன்றைய பொறியாளரின் மனதையே படித்துவிடுகிறார்.

பெட்டியில் வரையாத படம்

பெட்டியின் மேல் எப்போதும் வெற்றிப் படம்தான். ஆனால் வாள்மீனின் கதையில் வேறு நாட்களும் உண்டு.

1942 பிப்ரவரி 12 அன்று ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மன் போர்க்கப்பல்களைத் தாக்க ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ்கள் புறப்பட்டன. ஆறும் வீழ்ந்தன. 18 பேரில் உயிர் பிழைத்தவர்கள் 5 பேர். தலைமை தாங்கிய யூஜின் எஸ்மாண்டுக்கு விக்டோரியா கிராஸ் பதக்கம் இறந்த பிறகு வழங்கப்பட்டது.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய காலை. திருகோணமலையிலிருந்து கொழும்பு நோக்கி டார்பிடோக்களுடன் ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ்கள் வந்துகொண்டிருந்தன. எதிரில் வந்தவை ஜீரோ ரகப் போர் விமானங்கள், வாள்மீனைவிட இரண்டு மடங்குக்கும் அதிக வேகம். ஆறும் சுட்டு வீழ்த்தப்பட்டன. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளானது. மட்டக்களப்புக் கடலுக்கு அப்பால் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது.

டாரன்டோவில் இரவும் திடீர்த் தாக்குதலும் வாள்மீனைக் காப்பாற்றின. பட்டப்பகலில், எதிரிப் போர் விமானங்களின் நடுவே, அதைக் காப்பாற்ற ஒன்றும் இல்லை. விமானம் அதேதான். வீரர்களின் துணிச்சலும் அதேதான். மாறியது சூழ்நிலை மட்டுமே. 'வீரம் இருந்தால் போதும்' என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஏறத்தாழ 2,400 ஸ்வோர்ட்ஃபிஷ்கள் தயாரிக்கப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே. மற்றவை கடலிலும் காயலான் கடையிலும் கரைந்துவிட்டன. ஆனால் எங்கோ ஒரு மேசையில், மெழுகுவர்த்திக்கு மேல் யாரோ ஒருவர் பிளாஸ்டிக்கை இழுத்துக் கம்பி செய்துகொண்டிருப்பார். போரைப் பொம்மையாக்குவது சரியா என்ற கேள்வி நியாயமானதுதான். அந்த மாடலில் பின்னால் பின்னாலாக மூன்று இருக்கைகள் உண்டு. அவற்றில் உட்கார்ந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்காமல் ஒட்டினால் அது வெறும் பொம்மை. கேட்டுவிட்டு ஒட்டினால் அது வரலாறு.